யங் கன்ஸ் (1988): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கௌபாய் படம் ஏதாவது சொல்லுங்களேன் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான். பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பில்லி த கிட் என்று ஒரு துப்பாக்கிக்காரன் நிஜமாகவே இருந்தானா, அந்த வெள்ளைக்காரப் பண்ணையார் யார், எல்லாம் நடந்த கதையா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

யார் எடுத்த படம், யார் யார் நடித்திருக்கிறார்கள்?

1988 ஆகஸ்டில் வெளிவந்தது. இயக்கம் கிறிஸ்டோபர் கெய்ன், எழுத்து ஜான் ஃபஸ்கோ. பில்லியாக எமிலியோ எஸ்டவெஸ், டாக் ஸ்கர்லாக்காக கீஃபர் சதர்லேண்ட், சாவேஸாக லூ டயமண்ட் ஃபிலிப்ஸ், டிக் ப்ரூவராக சார்லி ஷீன், சார்லி பௌட்ரியாக கேஸி சிமாஷ்கோ, டர்ட்டி ஸ்டீவாக டெர்மட் மல்ரோனி. எஸ்டவெஸும் ஷீனும் உடன்பிறந்தவர்கள், நடிகர் மார்ட்டின் ஷீனின் பிள்ளைகள். இந்த ஆறு பேரும் அப்போது இருபதுகளில் இருந்தவர்கள். பெரியவர்கள் பக்கம் டன்ஸ்டாலாக டெரன்ஸ் ஸ்டாம்ப், மர்ஃபியாக ஜாக் பாலன்ஸ். கௌபாய் படங்களுக்கு ஆள் வராது என்று ஹாலிவுட் முடிவுகட்டியிருந்த காலம் அது. அந்த நேரத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4.5 கோடி டாலர் வசூல் செய்தது.

கதையை இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

நியூ மெக்சிகோவில் போக்கிடம் இல்லாத இளைஞர்களைத் தன் பண்ணையில் சேர்த்து, சோறு போட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார் ஓர் ஆங்கிலேயர். அவரைப் போட்டிக் கோஷ்டி கொன்றுவிடுகிறது. கொன்றவர்களைக் கைது செய்ய வாரண்டோடு கிளம்பும் பையன்கள், கைது செய்யாமல் கொல்ல ஆரம்பிக்கிறார்கள். அங்கிருந்து திரும்பி வர வழியில்லை. செஞ்சோற்றுக் கடன் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே, அந்த ஒரு சொல்லில் இந்தப் படத்தை அடக்கிவிடலாம்.

இது நடந்த கதையா?

நடந்த கதைதான். 1878இல் நியூ மெக்சிகோவில் நடந்ததை லிங்கன் கவுண்டிப் போர் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. நியூ மெக்சிகோ அப்போது மாநிலம் ஆகவில்லை, வாஷிங்டன் நியமிக்கும் கவர்னரின் கீழ் இருந்த ஒரு பிரதேசம். படத்தில் வரும் முக்கியமான ஆட்கள் பலரும் அதே பெயரில் வாழ்ந்தவர்கள். டன்ஸ்டால், மக்ஸ்வீன், மர்ஃபி, ஷெரீப் பிராடி, ப்ரூவர், ஸ்கர்லாக், பௌட்ரி எல்லோரும் நிஜம். பில்லியின் இயற்பெயர் ஹென்றி மெக்கார்ட்டி. லிங்கனில் வில்லியம் போனி என்ற பெயரில் இருந்தான்.

இதே போரை வைத்து 1970இல் ஜான் வெய்ன் ஒரு படம் நடித்தார், ஜான் சிசம் என்ற மாட்டுப்பண்ணை அதிபராக. அவருடைய மகன் பேட்ரிக் வெய்ன் ‘யங் கன்ஸ்’ படத்தில், பின்னாளில் பில்லியைச் சுட்டுக் கொன்ற பேட் கேரட்டாக வருகிறார்.

அடிப்படையில் எதற்காக இந்தச் சண்டை? படத்தில் சரியாகப் புரியவில்லையே.

படம் இதை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் காரணம் அவ்வளவு சாதாரணமானது, அவ்வளவு தெரிந்த மாதிரி இருப்பது.

லிங்கன் ஊரில் ஒரே ஒரு பெரிய கடை. லாரன்ஸ் மர்ஃபி ஆரம்பித்தது, பிறகு ஜேம்ஸ் டோலன் கைக்குப் போனது. ஊரில் அதை ‘த ஹவுஸ்’ என்றே சொல்வார்கள். விதை, மாவு, துணி, துப்பாக்கித் தோட்டா எது வேண்டுமானாலும் அங்கேதான் கடனுக்கு வாங்க வேண்டும். விளைந்ததைக் கொண்டுபோய் அங்கேதான் கொடுக்க வேண்டும், அவர்கள் சொன்ன விலைக்கு. விவசாயியின் பெயருக்கு நேரே கடை நோட்டில் கடன் ஏறிக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் பெரிய வருமானம் அரசாங்கக் கான்ட்ராக்ட். பக்கத்தில் ஸ்டாண்டன் கோட்டையில் இருந்த ராணுவத்துக்கும், மெஸ்கலேரோ அப்பாச்சி மக்களின் முகாமுக்கும் மாட்டிறைச்சியும் மாவும் சப்ளை செய்யும் உரிமை. தலைநகர் சாண்டா ஃபேயில் இருந்த அரசியல்வாதிகளும் வக்கீல்களும் இவர்களுக்குத் துணை. உள்ளூர் ஷெரீப் பிராடியும் இவர்கள் பக்கம்தான்.

இந்த ஊருக்கு ஜான் ஹென்றி டன்ஸ்டால் என்ற ஆங்கிலேயர் வந்து, வக்கீல் அலெக்சாண்டர் மக்ஸ்வீனோடு சேர்ந்து எதிரிலேயே இன்னொரு கடையைத் திறக்கிறார். பண்ணையும் வாங்குகிறார். விஷயம் அங்கேதான் முற்றுகிறது.

பிறகு ஒரு இன்ஷூரன்ஸ் தகராறு. மர்ஃபியின் பழைய கூட்டாளி எமில் ஃப்ரிட்ஸ் 1874இல் இறந்துபோனார். அவர் பெயரில் 10,000 டாலர் பாலிசி. அந்தப் பணத்தை வசூலித்த மக்ஸ்வீன் உடனே கொடுக்காமல் வைத்துக்கொள்ள, டோலன் தரப்பு கோர்ட்டுக்குப் போய் 8,000 டாலருக்கு ஜப்தி உத்தரவு வாங்குகிறது. மக்ஸ்வீன் சொத்தை ஜப்தி செய்யப் போன ஷெரீப், டன்ஸ்டாலும் அவருக்குப் பங்காளிதானே என்று டன்ஸ்டால் கடையையும் மாடு குதிரைகளையும் சேர்த்து ஜப்தி செய்ய ஆள் அனுப்புகிறார். ஆக, ஒரு ஜப்தி நோட்டீஸில் ஆரம்பித்த போர் இது.

டன்ஸ்டால் நிஜத்தில் எப்படிக் கொல்லப்பட்டார்?

1878 பிப்ரவரி 18, சாயங்காலம். டன்ஸ்டால் தன் ஆட்களோடு ஒன்பது குதிரைகளை ஓட்டிக்கொண்டு பண்ணையிலிருந்து லிங்கனுக்கு வந்துகொண்டிருந்தார். மலைச் சரிவில் காட்டு வான்கோழிக் கூட்டம் ஒன்று கண்ணில் பட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகுமே என்று கூட வந்தவர்கள் அதைத் துரத்திக்கொண்டு மேலே போனார்கள். பில்லி கொஞ்சம் பின்தங்கி வந்துகொண்டிருந்தான். ஷெரீப் அனுப்பிய படை வந்து சேர்ந்தபோது டன்ஸ்டால் தனியாக இருந்தார். நெஞ்சில் ஒன்று, தலையில் ஒன்று. குதிரையையும் சுட்டார்கள். செத்த குதிரையின் தலைக்குக் கீழே அவருடைய தொப்பியைத் தலையணை மாதிரி மடித்து வைத்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள்.

படத்திலும் பையன்கள் பறவைகளைத் துரத்திக்கொண்டு போகும் நேரத்தில்தான் அது நடக்கிறது. ஃபஸ்கோ இந்த இடத்தில் வரலாற்றை விடாமல் பிடித்திருக்கிறார். விளையாட்டும் சிரிப்புமாகப் போனவர்கள் வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். காப்பாற்ற ஓடிவர முடியாத தூரம். பையன்களின் கோபத்துக்குள்ளே குற்ற உணர்ச்சியும் இருக்கிறது என்பதை இந்த ஒரு காட்சி வசனமில்லாமல் சொல்லிவிடுகிறது.

படத்தில் வருவது போல டன்ஸ்டால் ஒரு தந்தை மாதிரியா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. படத்தில் டெரன்ஸ் ஸ்டாம்ப்புக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த தலை, நிதானமான பேச்சு, சாப்பாட்டு மேஜையில் நடந்துகொள்ளும் முறை எல்லாம் சொல்லித்தருகிறார். சாப்பிட்டு முடித்ததும் பையன்கள் ஒவ்வொருவராக நாளிதழ் வாசிக்க வேண்டும். திக்கித் திணறி வாசிக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் ஒரு தகப்பன் இருக்கிறார், அவ்வளவுதான்.

நிஜ டன்ஸ்டாலுக்கு இறக்கும்போது வயது 24. லண்டனில் 1853இல் பிறந்தவர். அவரிடம் வேலை பார்த்த டிக் ப்ரூவர் அவரைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். டாக் ஸ்கர்லாக் அவரையும்விடப் பெரியவர். கும்பலில் நிஜமாகவே சின்னப் பையன் என்றால் பில்லி ஒருவன்தான், சுமார் 18. ஆக, கொல்லப்பட்டது ஒரு தந்தை இல்லை. வயதில் தம்பி மாதிரி இருந்த முதலாளி.

டன்ஸ்டால் தர்மத்துக்காகக் கடை வைக்கவும் இல்லை. லண்டனில் இருந்த தகப்பனாருக்கு நிறையக் கடிதம் எழுதினார். அதில் ஒன்றில், இந்தக் கவுண்டியில் யார் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரிலும் பாதி என் கைக்கு வரும்படி செய்வேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். மர்ஃபியும் டோலனும் செய்ததை இன்னும் நல்லபடியாகச் செய்யலாம் என்று வந்த வியாபாரிதான் அவர். ஆனால் வேலைக்காரர்களை மரியாதையாக நடத்தினார் என்பது உண்மை. பில்லி மாதிரி அலைந்து திரிந்த ஒருவனுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்திருக்கும். 1874இல் தாய் காசநோயில் இறந்தபிறகு அவனுக்கு நிலையான வீடு என்று ஒன்று இல்லை.

அப்படியானால் மர்ஃபி? நிஜத்திலும் அவர்தான் வில்லனா?

ஜாக் பாலன்ஸ் படத்தில் எழுபதை நெருங்கிய கிழச்சிங்கம். நிஜ மர்ஃபிக்கு அப்போது 47 வயதுக்குப் பக்கம்தான். தவிர, 1877லேயே தன் பங்கை டோலனுக்குக் கொடுத்துவிட்டு நோயில் படுத்தவர். 1878 அக்டோபரில் சாண்டா ஃபேயில் நோய் முற்றி இறந்தார். படத்தின் கடைசியில் பில்லி தூரத்திலிருந்து அவர் நெற்றியில் சுடுவது முழுக்கக் கற்பனை.

உண்மையான எதிராளி டோலன். அவருக்கு வயது 29. டன்ஸ்டாலைச் சுட்ட படையில் இருந்த வில்லியம் மார்ட்டன், ஜெஸ்ஸி எவன்ஸ் எல்லோருமே இளைஞர்கள். இரண்டு பக்கமும் பெரும்பாலும் முப்பது வயதுக்கு உட்பட்ட ஆட்கள் ஒருவரையொருவர் கொன்று தீர்த்த போர் இது. அந்தப் போருக்கு ஒரு நல்ல தகப்பனையும் ஒரு கெட்ட கிழவனையும் உண்டாக்கிக் கொடுத்தது திரைக்கதை. படத்தின் பலமும் இதுதான், பெரிய பொய்யும் இதுதான் என்று நினைக்கிறேன். அப்பனைக் கொன்றவனைத் தேடிப் போகும் பிள்ளைகள் என்று ஆக்கியதும் பழிவாங்கும் கதைக்கு ஒரு நேர்க்கோடு கிடைத்துவிட்டது. நிஜத்தில் அந்தக் கோடு இவ்வளவு நேராக இல்லை.

இவர்கள் சட்டத்தின் பக்கமா, எதிர்ப் பக்கமா?

இரண்டும். படம் மிகச் சரியாகக் காட்டும் விஷயங்களில் இது ஒன்று. டன்ஸ்டால் இறந்ததும் உள்ளூர் நீதிபதி ஜான் வில்சன் கொலையாளிகளைப் பிடிக்க வாரண்ட் கொடுத்தார். ப்ரூவரைத் தலைமைக் காவலராக்கினார். இந்தப் பையன்களுக்கு ‘ரெகுலேட்டர்ஸ்’ என்ற பெயர் அப்போது வந்ததுதான். மார்ச் தொடக்கத்தில் மார்ட்டனையும் ஃபிராங்க் பேக்கரையும் பிடித்தார்கள். ஊருக்குக் கொண்டுவரும் வழியில், மார்ச் 9 அன்று, இரண்டு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தங்கள் ஆளான மக்ளோஸ்கியும் செத்தார். தப்பிக்கப் பார்த்தார்கள், சுட்டோம் என்று கணக்குச் சொன்னார்கள்.

அதே மார்ச் 9 அன்று கவர்னர் ஆக்ஸ்டெல் லிங்கனுக்கு வந்து, வில்சனின் நியமனமே செல்லாது என்று அறிவித்தார். நியமனம் செல்லாது என்றால் அவர் கொடுத்த வாரண்டும் செல்லாது. காலையில் காவலர்களாக இருந்தவர்கள் சாயங்காலம் கொலைகாரர்கள். சட்டம் என்பது யார் கையில் முத்திரை இருக்கிறதோ அவர்களுடையது என்பதை அந்தப் பையன்கள் ஒரே நாளில் தெரிந்துகொண்டார்கள்.

ஷெரீப் பிராடியைக் கொன்றது நியாயமா?

என் பதில்: இல்லை. 1878 ஏப்ரல் 1 அன்று பிராடி லிங்கனின் ஒரே தெருவில் நடந்துபோகிறார். டன்ஸ்டால் கடைக்குப் பக்கத்து மண்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரெகுலேட்டர்ஸ் சுட்டுத் தள்ளுகிறார்கள். அவருடைய டெபுட்டி, அதாவது உதவி அதிகாரி, ஹிண்ட்மனும் செத்தார். பிறகு பில்லி தெருவுக்கு ஓடிவந்து பிராடியின் உடலருகே குனிந்தான். முன்பு அவர் பறித்துக்கொண்ட துப்பாக்கியை எடுக்கத்தான் என்று சொல்வார்கள். அப்போது எதிர்த்தரப்புத் தோட்டா ஒன்று அவனைக் காயப்படுத்தியது. பிராடிக்கு மனைவியும் வீடு நிறையக் குழந்தைகளும் இருந்தார்கள். அதுவரை டன்ஸ்டால் பக்கம் இரக்கப்பட்ட பலர் இந்தக் கொலைக்குப் பிறகு விலகிக்கொண்டார்கள். பின்னாளில் பில்லிக்குத் தூக்குத்தண்டனை வாங்கிக்கொடுத்ததும் இந்தக் கொலைதான்.

பக்‌ஷாட் ராபர்ட்ஸ் காட்சி அப்படியே நடந்ததா?

எதிர்த்தரப்பைச் சேர்ந்த ராபர்ட்ஸ் என்ற ஒற்றை ஆள் ரெகுலேட்டர்ஸ் கும்பலையே நிறுத்தி வைத்ததும், ப்ரூவர் அங்கே செத்ததும் நிஜம். பிராடி செத்து மூன்றாம் நாள், ஏப்ரல் 4, பிளேஸர்ஸ் மில் என்ற இடம். படத்தில் ராபர்ட்ஸ் கழிப்பறைக்குள் பதுங்குகிறார். நிஜத்தில் வயிற்றில் குண்டடி பட்ட நிலையில் ஓர் அறைக்குள் புகுந்து, மெத்தையை வாசலில் போட்டு, அங்கே கிடைத்த துப்பாக்கியால் சுட்டார். மரக்கட்டைகளுக்குப் பின்னால் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்த ப்ரூவரின் தலையில் குண்டு பாய்ந்தது. ராபர்ட்ஸும் பிழைக்கவில்லை. இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் புதைத்தார்கள்.

பெயோட்டி சாப்பிட்டு மயங்கும் காட்சியும் சீனப் பெண் யென் சன்னும்?

இரண்டும் கற்பனை. சாவேஸ் கொடுக்கும் பெயோட்டி கள்ளியைத் தின்றுவிட்டுப் பையன்கள் பிதற்றும் இடம் பலருக்குப் பிடிக்கும், எனக்கு நீளம் அதிகமாகத் தெரிகிறது. படத்தில் யென் சன்னைக் காதலிக்கும் டாக் ஸ்கர்லாக், நிஜத்தில் அந்தோனியா ஹெரேரா என்ற உள்ளூர்ப் பெண்ணைக் கட்டியவர். சார்லி பௌட்ரி கட்டியது மானுவேலா ஹெரேராவை. ஆக டாக்கும் சார்லியும் சகலைகள். இந்த உறவைப் படத்தில் வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். லிங்கனில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள். போரில் அவர்களும் செத்தார்கள். படத்தில் அவர்கள் அதிகம் கண்ணில் படுவதில்லை.

மதுக்கடையில் பில்லி ஒருவனுடைய துப்பாக்கியை வாங்கிப் பார்க்கிறானே, அது?

அந்தக் காட்சி நடந்த ஒன்றின் நிழல்தான், இடமும் காலமும் மாற்றியிருக்கிறார்கள். 1880 ஜனவரி, ஃபோர்ட் சம்னர் மதுக்கடை. ஜோ கிராண்ட் என்பவன் போதையில் யாரையாவது இன்றைக்குச் சுட்டே தீருவேன் என்று சவால் விட்டுக்கொண்டிருந்தான். பில்லி, துப்பாக்கி ரொம்ப அழகாக இருக்கிறதே என்று சொல்லி கையில் வாங்கிப் பார்க்கிறான். ஏற்கெனவே சுட்டதால் உருளையில் தோட்டா போடும் சில அறைகள் காலி. அடுத்து விழப்போவது காலி அறையாக இருக்கும்படி உருளையைத் திருப்பிவைத்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறான். பிறகு கிராண்ட் முதுகுப் பக்கமிருந்து விசையை அழுத்துகிறான். ‘க்ளிக்’ என்ற வெறும் சத்தம். திரும்பிய பில்லி சுட்டதில் கிராண்ட் செத்தான். வழிவழியாகச் சொல்லிவந்த கதை இது.

எஸ்டவெஸ் இந்த இடத்தில் பிரமாதம். சிரிப்புக்கு நடுவே கண் மட்டும் உருளையை விட்டு விலகாது. பில்லியைப் பழகிப் பார்த்தவர்கள் பலரும் அவன் சிரித்த முகக்காரன், ஆட்டமும் பாட்டும் பிடிக்கும், ஸ்பானிஷ் சரளமாகப் பேசுவான் என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கெக்கெக்கெ சிரிப்பு மிகை என்று குறை சொல்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

கடைசி முற்றுகைச் சண்டை எவ்வளவு உண்மை?

வீடு, தீ, ராணுவம் மூன்றும் உண்மை. 1878 ஜூலை 15 முதல் 19 வரை ஐந்து நாள். மக்ஸ்வீன் தன் ஆட்களோடு தன் வீட்டிலும் பக்கத்துக் கட்டடங்களிலும் இருக்க, டோலன் தரப்பு சுற்றி வளைத்தது. ஐந்தாம் நாள் ஸ்டாண்டன் கோட்டையிலிருந்து கர்னல் நேதன் டட்லி வீரர்களோடு ஒரு பீரங்கியும், தொடர்ந்து சுடும் ஒரு கேட்லிங் துப்பாக்கியும் இழுத்துக்கொண்டு வந்தார். படத்தில் அந்தக் கேட்லிங் மக்ஸ்வீனைத் துளைத்தெடுக்கிறது. நிஜத்தில் ராணுவம் சுடவே இல்லை. பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்தியதே போதுமானதாக இருந்தது. மற்ற வீடுகளில் இருந்த மக்ஸ்வீன் ஆட்கள் கலைந்து ஓட, இந்த வீடு மட்டும் தனித்துப்போனது.

தீ வைத்ததும் வீடு படத்தில் போல ஒரேயடியாகப் பற்றி எரியவில்லை. மண்சுவர் வீடு அது. சுவர் எரியாது, கூரையும் கதவு ஜன்னலும்தான் எரியும். தீ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மெதுவாக நகர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் அறை அறையாகப் பின்வாங்கினார்கள். மத்தியானம் தொடங்கி இருட்டும்வரை. கடைசியில் மிஞ்சியது சமையலறை. இருட்டியதும் பில்லி முதல் குழுவோடு ஓடினான், அவன் தப்பித்தான். மக்ஸ்வீன் கொல்லைப்புறத்தில் செத்தார். பெட்டிக்குள் பில்லியை வைத்து மாடியிலிருந்து தூக்கிப்போடுவதெல்லாம் சினிமா. அறை அறையாக நகரும் அந்தத் தீயை யாராவது அப்படியே படமாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பில்லி 21 பேரைக் கொன்றான், இடது கைக்காரன் என்பதெல்லாம்?

வயதுக்கு ஒன்றாக 21 என்பது கட்டுக்கதை. தனியாகக் கொன்றதாக உறுதியாகச் சொல்லக்கூடியது நான்கு பேர்: 1877இல் அரிசோனாவில் கேஹில், 1880இல் கிராண்ட், 1881இல் தப்பிக்கும்போது டெபுட்டிகள் பெல், ஓலிங்கர். பிராடி மாதிரி பல துப்பாக்கிகள் சேர்ந்து சுட்ட கொலைகள் வேறு சில.

இடது கை விஷயம் ஒரு புகைப்படத்தால் வந்தது. மெல்லிய இரும்புத் தகட்டில் எடுக்கும் அந்தக் காலப் படத்தில் உருவம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிப் பதியும். அதனால் துப்பாக்கி இடுப்பின் இடப்பக்கம் தெரிகிறது. கையில் இருக்கும் வின்செஸ்டர் 1873 ரகத்துக்குத் தோட்டா போடும் வாய் வலப்பக்கம்தான் இருக்கும், படத்தில் இடப்பக்கம் தெரிகிறது. அதை வைத்துத்தான் குட்டு உடைந்தது. 2011இல் அந்தத் தகடு 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

டாம் குரூஸ் நடித்திருக்கிறாராமே?

ஆமாம், பெயர் போடாமல். துப்பாக்கிச் சண்டை ஒன்றில் மீசையோடு வந்து சுடப்பட்டு விழுவார். கண் சிமிட்டினால் தவறிவிடும்.

யார் யார் கடைசியில் என்ன ஆனார்கள்?

படம் சொல்வதை நம்ப வேண்டாம். சார்லி முற்றுகையில் சாகவில்லை. 1880 டிசம்பரில் ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், பில்லியைப் பிடிக்கவந்த பேட் கேரட்டின் ஆட்கள் சுட்டு இறந்தார். டாக் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டெக்சாஸ் போய்க் குடும்பம் நடத்தி 1929 வரை இருந்தார். மக்ஸ்வீனின் மனைவி சூசன் மாட்டுப் பண்ணை வைத்து நியூ மெக்சிகோவின் ‘மாட்டு ராணி’ என்று பெயர் வாங்கி 1931இல்தான் இறந்தார். டன்ஸ்டாலின் நிலம் பின்னாளில் டோலன் கைக்கே போய்ச் சேர்ந்தது.

பில்லியைப் பிரதேசத்தின் புதிய கவர்னர் லூ வாலஸ் 1879 மார்ச்சில் ரகசியமாகச் சந்தித்தார். வக்கீல் சாப்மன் கொலையில் சாட்சி சொன்னால் மன்னிப்பு என்று பேச்சு. பில்லி சாட்சி சொன்னான். மன்னிப்பு வரவில்லை. ‘பென்-ஹர்’ நாவலை எழுதியவர் இதே வாலஸ்தான். 1881 ஏப்ரலில் பில்லிக்குத் தூக்குத்தண்டனை. அந்தப் போரில் இத்தனை கொலை நடந்தும் கோர்ட்டில் தண்டனை பெற்றவன் அவன் ஒருவன்தான். அந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. 2010இன் கடைசி நாளில் கவர்னர் பில் ரிச்சர்ட்சன் அந்தப் பழைய மன்னிப்புக் கோரிக்கையைப் பரிசீலித்து மறுத்துவிட்டார்.

இரண்டாம் பாகம் பார்க்கலாமா?

1990இல் வந்தது, இயக்கம் ஜெஃப் மர்ஃபி. வாலஸ், கேரட், சிறை உடைப்பு எல்லாம் அதில்தான். தானே பில்லி என்று 1950இல் கவர்னரிடம் மன்னிப்புக் கேட்டு வந்த பிரஷி பில் என்ற முதியவர் கதை சொல்வதாக ஆரம்பிக்கிறது. அப்படி ஒருவர் நிஜமாகவே வந்தார், கவர்னர் நம்பவில்லை. இதற்காக ஜான் பான் ஜோவி எழுதிய ‘பிளேஸ் ஆஃப் குளோரி’ பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பாட்டுக்காகவே பார்க்கலாம். ஆனால் முதல் பாகத்தில் இருக்கும் அந்தச் சாப்பாட்டு மேஜை இதில் இல்லை.

வாரன் ஜியின் ராப் பாட்டு ஒன்றில் இந்தப் பட வசனம் வருகிறதா?

வருகிறது. 1994இல் வாரன் ஜியும் நேட் டாக்கும் பாடிய ‘ரெகுலேட்’. ஆரம்பத்தில் கேட்கும் குரல் இந்தப் படத்திலிருந்து எடுத்தது.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு வேண்டாம். ரத்தமும் வசவும் அதிகம்.

அந்த இடங்களை இன்றைக்குப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். படப்பிடிப்பு நடந்தது சாண்டா ஃபே வட்டாரத்தில், செர்ரியோஸ் என்ற சின்ன ஊரில். கதை நடந்த லிங்கன் இன்றும் ஒரே தெருவோடு அப்படியே இருக்கிறது, அரசுப் பாதுகாப்பில். டன்ஸ்டால் கடை இருக்கிறது. மர்ஃபி கட்டிய பெரிய கடைக் கட்டடமும் இருக்கிறது. கடை நொடித்தபிறகு அதையே கோர்ட்டாக்கி, மாடியில்தான் பில்லியை விலங்கிட்டு வைத்திருந்தார்கள். 1881 ஏப்ரல் 28 அன்று இரண்டு காவலர்களைக் கொன்று தப்பித்தது அங்கிருந்துதான். மாடிப்படிச் சுவரில் ஒரு தோட்டா ஓட்டையைக் காட்டுவார்கள்.

கல்லறை ஃபோர்ட் சம்னரில். தப்பித்த பில்லியை 1881 ஜூலை 14 ராத்திரி பீட் மாக்ஸ்வெல் வீட்டுப் படுக்கையறை இருட்டில் பேட் கேரட் சுட்டது அந்த ஊரில்தான். பில்லிக்கும், அவனுக்கு முன்பே கேரட்டின் ஆட்களிடம் செத்த டாம் ஓஃபோலியர்டுக்கும், சார்லி பௌட்ரிக்கும் சேர்த்து ஒரே கல். மேலே ‘பால்ஸ்’ என்று ஒரு சொல், கூட்டாளிகள் என்று பொருள். படம் முடியும்போது வரும் குரல் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறது. பில்லிக்கென்று தனியாக வைத்த சிறிய கல்லை 1950இல் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள், 1976இல்தான் டெக்சாஸில் கிடைத்தது. 1981இல் மறுபடியும் திருடுபோய்க் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. இப்போது மூன்று பேரையும் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு போட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் கம்பிகளுக்கு இடையே சில்லறைக் காசு போட்டுவிட்டு வருகிறார்கள்.